இங்கிலாந்துல இருக்கற ஸ்பெஷல் நீட்ஸ் பிள்ளைங்களோட பேரன்ட்ஸுக்கு: செண்டியாஸ் சர்வீஸ் பத்தி என்னோட ரிவ்யூ

5க்கு 4 ஸ்டார் குடுப்பேன். இங்க ஒவ்வொரு கவுன்சில் ஏரியாவுலயும் செண்டியாஸ்னு ஸ்பெஷல் நீட்ஸ் பிள்ளைங்களோட பேரன்ட்ஸுக்கு தகவலும் ஆலோசனையும் குடுக்கற ஒரு சர்வீஸ் இருக்கு, காசு கிடையாது, நாம பேசறது வெளிய போகாது, ஆனா நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியல.

பையனுக்கு ஆட்டிசம், பேச்சு ரொம்ப கம்மி. ஸ்கூல் மீட்டிங் போனா எல்லாத்தையும் முன்னாடியே டைப் பண்ணி வெச்சிருப்பாங்க, படிச்சு காட்டுவாங்க, கையெழுத்து போட்டுட்டு வரணும், அவ்ளோதான். 2014 சில்ட்ரன் அண்ட் ஃபேமிலீஸ் ஆக்ட்ல 19வது பிரிவுல பிள்ளையோட விருப்பம், பேரன்ட்ஸோட கருத்து ரெண்டையும் கவுன்சில் கணக்குல எடுக்கணும், முடிவெடுக்கறதுல சேர்த்துக்கணும்னு தெளிவா இருக்கு. இ.எச்.சி. பிளான் (பிள்ளைக்கு என்ன உதவி வேணும்னு கவுன்சில் சட்டப்படி எழுதி குடுக்கறது) இல்லாம வெறும் சென் சப்போர்ட்ல (ஸ்கூலே குடுக்கற கூடுதல் உதவி) இருந்தா கூட ஸ்கூல் வருஷத்துக்கு 3 தடவையாவது நம்மகூட உக்காந்து பேசணுமாம். இதெல்லாம் செண்டியாஸ் மேடம் போன்ல சொல்லித்தான் எனக்கு தெரிஞ்சுது.

அவங்க கேட்ட முதல் கேள்வி, "பையன் என்ன சொல்றான்?" பேச வராத பிள்ளைகிட்ட கேக்கறதுக்கும் வழி சொன்னாங்க. ஸ்கூல்ல அவன் போற வர்ற இடத்தையெல்லாம் ஃபோட்டோ எடுத்து, பிடிச்சது ஒரு பக்கம் பிடிக்காதது ஒரு பக்கம்னு அவனையே வைக்க சொல்லணும். டீச்சிங் அசிஸ்டென்ட் ஃபோட்டோ எடுத்து குடுத்தாங்க. டாய்லெட் ஃபோட்டோவை எடுத்தவன் உடனே பிடிக்காத பக்கம் வெச்சுட்டு, அதுல இருந்த ஹேண்ட் ட்ரையரை விரல் வெச்சு காட்டி காதை பொத்திக்கிட்டான். தண்ணி பாட்டில் டெய்லி நிறைய அப்படியே திரும்பி வருதுன்னு மாமியார் சொல்லிட்டே இருப்பாங்க, ஸ்கூல் ரிப்போர்ட்லயோ தண்ணி குடிக்க மறுக்கறான்னு பிஹேவியர் பிரச்சனையா எழுதியிருந்தாங்க. பிள்ளை அந்த சத்தத்துக்கு பயந்து டாய்லெட் போகாம இருக்கறதுக்காக தண்ணியே குடிக்காம இருந்திருக்கான்! அடுத்த மீட்டிங்குக்கு மாமியாரையும் கூட்டிட்டு வாங்கன்னு செண்டியாஸ் மேடமே சொன்னாங்க, தமிழ் இன்டர்ப்ரிட்டருக்கும் கேட்டு வாங்கி குடுத்தாங்க, ஸ்கூல் விட்டு வந்ததும் அவனை பாத்துக்கறது மாமியார்தானே. அவங்க பேசப் பேச சென்கோ (ஸ்கூல்ல ஸ்பெஷல் நீட்ஸ் பிள்ளைங்களுக்கு பொறுப்பான டீச்சர்) நோட்ஸ் எடுத்தாங்க. இப்ப ட்ரையர் இல்லாத டாய்லெட், பேப்பர் டவல்னு பிளான்லயே இருக்கு.

அந்த மீட்டிங்குக்கு அப்புறம் இ.எச்.சி. பிளானோட ட்ராஃப்ட், அதாவது முடிவாகறதுக்கு முன்னாடி நம்ம கருத்து கேட்டு அனுப்பறது, வந்துச்சு. செக்‌ஷன் எஃப்-ல, அதாவது பிள்ளைக்கு குடுக்க வேண்டிய உதவிகளை எழுதற பகுதியில, என்ன எழுதியிருக்கோ அதை கவுன்சில் குடுத்தே ஆகணும், அதான் அந்த பக்கத்தை வரி வரியா பாக்கணும். எங்க ட்ராஃப்ட்ல "தேவைப்படும்போது ஸ்பீச் தெரபிக்கு வாய்ப்பு"ன்னு இருந்துச்சு. யாரு குடுப்பா, வாரத்துக்கு எத்தனை தடவை, எவ்ளோ நேரம்னு எழுதி கேளுங்கன்னு மேடம் சொன்னாங்க, கேட்டோம், மாத்தி குடுத்தாங்க. நாங்க மட்டும் படிச்சிருந்தா அந்த வரி நல்லாத்தான இருக்குன்னு தோணியிருக்கும்.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, எங்க ஏரியாவுல போன் பண்ணா உடனே ஆள் கிடைக்கறதில்ல, மெசேஜ் விட்டுட்டு காத்திருக்கணும், அவசரத்துல இருக்கறப்ப ரொம்ப கஷ்டமா இருக்கு. இன்னொண்ணு, அவங்க நடுநிலையாத்தான் இருக்கணும், நமக்காக ஸ்கூல்கிட்ட சண்டை போட மாட்டாங்க, வக்கீலும் கிடையாது. நாம கேக்க வேண்டியதை நமக்கு புரிய வைப்பாங்க, பக்கத்துல உக்காருவாங்க, எனக்கு அதுவே பெரிய தைரியமா இருந்துச்சு.

கவுன்சில் வெப்சைட்ல லோக்கல் ஆஃபர்னு, ஏரியாவுல ஸ்பெஷல் நீட்ஸ் பிள்ளைங்களுக்கு கிடைக்கற உதவிகளை போட்டிருக்கற பக்கத்துல செண்டியாஸ் நம்பர் இருக்கும். ட்ராஃப்ட் பிளானுக்கு பதில் சொல்ல குறைஞ்சது 15 நாள் டைம் குடுக்கணும், ஆனா போன்லயே பாதி நாள் ஓடிடும், அதனால லெட்டர் கைக்கு வந்த அன்னைக்கே செண்டியாஸுக்கு கூப்பிட்டு மெசேஜ் விட்டுடுங்க.