வாட்டர்லூ டயோராமா: 6 மி.மீ.யா, 1/72ஆ, 28 மி.மீ.யா?

1815இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரை டயோராமாவாக, அதாவது நிலத்தோடு சேர்ந்த பொம்மைக் காட்சியாகச் செய்யக் கிளம்பி, கடையில் பொம்மையின் அழகைப் பார்த்து ஸ்கேலை (மி.மீ. என்றால் பொம்மையின் உயரம், 1/72 என்றால் உண்மை அளவில் 72இல் ஒரு பங்கு) முடிவு செய்பவர்கள்தான் பாதியில் நிறுத்துகிறார்கள். முதலில் அளக்க வேண்டியது இடத்தை. தோளோடு தோள் உரச நிற்கும் காலாட்படை வீரர் ஒருவருக்குச் சுமார் 56 செ.மீ. அகலம் வேண்டும். 600 பேர் கொண்ட பிரிட்டிஷ் பட்டாலியன் (படைப்பிரிவு) இரண்டு வரிசையாக நின்றால் நீளம் 168 மீட்டர். 6 மி.மீ. பொம்மையில் (ஏறத்தாழ 1/300) அது 56 செ.மீ. 1/72இல் 2.3 மீட்டர். 28 மி.மீ.யில் (ஏறத்தாழ 1/56) 3 மீட்டர். இது ஒரே ஒரு பட்டாலியனுக்கு!

பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் சைபோர்ன் 1838இல் லண்டனில் காட்சிக்கு வைத்த மாபெரும் வாட்டர்லூ மாதிரியில் 10 மி.மீ. பொம்மைகள் ஏறக்குறைய 75,000 உண்டு. அவரே தலைக்கு ஒரு பொம்மை வைக்கவில்லை; ஒரு பொம்மை இரண்டு வீரர்களுக்குச் சமம்.

ஆகவே முழுப் போர்க்களத்தை விட்டுவிட்டு அதன் நடுவிலிருந்த லா ஹே சாந்த் பண்ணையை எடுத்துக்கொண்டு ஒப்பிடுவோம். மேஜர் பாரிங்கின் கீழ் கிங்ஸ் ஜெர்மன் லீஜனின் (பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த ஜெர்மானியர் படை) 2ஆம் இலகு பட்டாலியன், சுமார் 400 பேர், காவல் காத்த இடம் அது. தோட்டா தீர்ந்ததால் மாலை 6 மணியைத் தாண்டிக் கைவிட வேண்டியதாயிற்று. 150 மீட்டர் சதுர நிலத்தை மட்டும் காட்டினால் 1/300இல் பக்கத்துக்கு 50 செ.மீ., 1/72இல் 2.1 மீட்டர், 1/56இல் 2.7 மீட்டர் ஆகும்.

இந்தக் காட்சிக்கு 1/72தான் பொருத்தம். வீரர் உயரம் 24 மி.மீ. சுடுபவர், குண்டு திணிப்பவர், மண்டியிட்டவர் என்று பெட்டிக்குள் வரும் கலவை, பண்ணைச் சுவருக்குப் பின்னால் அப்படியே பயன்படும். (தாக்கவரும் பிரெஞ்சு அணிக்கு அதே கலவை தொல்லை: அணிவகுத்து நடக்கும் பொம்மைதான் வேண்டும், பெட்டியில் பாதி வீணாகும்.) பாரிங்கின் ஆட்கள் பச்சைச் சட்டையும் பேக்கர் ரைஃபிளும் கொண்டவர்கள் என்பதால் அதே உடையணிந்த பிரிட்டிஷ் படையான 95ஆம் ரைஃபிள்ஸின் பொம்மைப் பெட்டியைச் சிறு திருத்தத்தோடு பயன்படுத்தலாம்.

சிக்கல் 1/72 பொம்மைகளின் மென் பிளாஸ்டிக்கில் இருக்கிறது. அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவாமல் அடித்த பெயின்ட் துப்பாக்கி முனையில் முதலில் உரியும். பாத்திரம் கழுவும் திரவத்தில் தேய்த்து, ஒரு நாள் உலரவிட்டு, தண்ணீர் கலந்த பி.வி.ஏ. பசை (வெள்ளைப் பசை) ஒரு பூச்சு, அதன்மேல் அக்ரிலிக், கடைசியில் வார்னிஷ். வளைந்த துப்பாக்கியைக் கொதிநீரில் சில விநாடி முக்கி, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் நேராக நிற்கும். சூப்பர் குளூ இந்த வகையில் சரியாகப் பிடிக்காது. கையை வெட்டி ஒட்டுவதானால் உள்ளே மெல்லிய கம்பி செருகுங்கள்.

28 மி.மீ. கடினப் பிளாஸ்டிக்கில் இந்த வம்பெல்லாம் இல்லை. பிளாஸ்டிக் சிமென்ட் என்ற பசை உருக்கி ஒட்டும், முகபாவம் தெரியும், கைகளை மாற்றிப் பொருத்தலாம். ஆனால் தலையும் துப்பாக்கியும் உண்மை விகிதத்தைவிடப் பருமன். அதைவிட, நேரம்: பத்துப் பத்தாக வரிசை வைத்துப் பூசினாலும் பொம்மைக்கு ஒரு மணி நேரம் என்றால் காவற்படைக்கே 400 மணி நேரம். 1/72இல் இருபது நிமிடம் போதும், 135 மணி நேரத்தில் முடியும். பிரெஞ்சுக்காரர்கள் கணக்கில் இன்னும் வரவில்லை. 28 மி.மீ. வேண்டுமென்றால் முற்றத்தையும் கொட்டகை வாசலையும் மட்டும் செய்யுங்கள். அந்த வாசலுக்குக் கதவு வைக்காதீர்கள், முந்தின இரவே அது விறகாக எரிந்துவிட்டது.

6 மி.மீ. உலோகப் பொம்மை வேறு வேலைக்கானது. சதுர வடிவில் அணிவகுத்த காலாட்படையைக் குதிரைப்படை சுற்றி வளைப்பதை மேலிருந்து காட்ட அதைவிட்டால் வழியில்லை. பண்ணைச் சண்டைக்கு வைத்தால் சுவரில் எறும்பு ஏறியது போலிருக்கும்! ஈயம் கலந்த பொம்மையை ஓக் மரப் பெட்டிக்குள் அடைத்து வைக்க வேண்டாம். மரம் விடும் அமில ஆவியில் வெண்பொடி பூத்து அரித்துவிடும்.

நிலத்துக்கு பிளாஸ்டர், எக்ஸ்.பி.எஸ். ஃபோம் (கெட்டியான நுரைத் தகடு) இரண்டில் 2 மீட்டர் மேசைக்கு ஃபோம்தான். பிளாஸ்டர் கனக்கும், தூக்கினால் விரிசல் விடும். 25 மி.மீ. தகடுகளை அடுக்கி, சரிவு செதுக்கி, ப்ளைவுட் மேல் ஒட்டலாம். ஸ்ப்ரே பெயின்ட் நேரடியாகப் பட்டால் ஃபோம் கரைந்து குழியாகும், முதலில் பி.வி.ஏ. கலந்த பெயின்டைத் தூரிகையால் பூசி மூடவேண்டும். கை எட்டுவது 75 செ.மீ. தான், ஆகவே 70 செ.மீ. சதுரமாக ஒன்பது துண்டு. இணைப்புகள் பிரஸ்ஸல்ஸ் சாலையோரத்திலும் வேலியடியிலும் விழட்டும். ஆளுயர ரை (rye) தானியப் பயிருக்குத் தென்னைநார் கால்மிதியை 22 மி.மீ. உயரத்துக்கு வெட்டி நடலாம். படை கடந்த இடமெல்லாம் அதை மிதித்துச் சாய்த்து, சேற்றுநிறம் பூசவேண்டும். போருக்கு முந்தின ஜூன் 17ஆம் தேதி இரவு முழுக்க மழை.

முன்னால் 28 மி.மீ., பின்னால் 1/72 என்று கலந்து ஆழம் காட்டும் உத்தி ஒரே பக்கமிருந்து பார்க்கும் கண்ணாடிப் பெட்டிக்கு மட்டும் சரிவரும். பார்வையாளர் சுற்றிவர முடிந்தால் பின்வரிசை குட்டையர் படையாகிவிடும்.