80-ஆ, 100-ஆ, 120-ஆ: வரியை எங்கே உடைப்பது?

நிரலில் ஒரு வரிக்கு அதிகபட்சம் எத்தனை எழுத்து என்பதுதான் கேள்வி. 80 என்ற எண் 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையின் 80 பத்திகளிலிருந்து வந்தது. அட்டை போய்விட்டது, எண் மட்டும் தங்கிவிட்டது. பைத்தானின் நடை வழிகாட்டியான பெப் 8 கேட்பது 79. நிரலைத் தானாக அடுக்கித் தரும் ஃபார்மேட்டர் கருவிகளில் பிளாக் தானாக வைப்பது 88. பிரிட்டியர் 80, ரஸ்ட்ஃபெம்ட் 100. கோ மொழியின் கோஃபெம்ட்டோ வரி நீளத்தைக் கண்டுகொள்வதே இல்லை.

எதை எடுப்பது என்பதைத் திரைதான் சொல்ல வேண்டும். மதுரை இலந்தைக்குளம் எல்காட் ஐடி வளாகத்திலோ கே.கே.நகர் மாடி அலுவலகத்திலோ பலர் வேலை பார்ப்பது மடிக்கணினியில். சம அகல எழுத்துருவில் ஓர் எழுத்தின் அகலம் எழுத்தளவில் ஏறக்குறைய 0.6 பங்கு, 14 பிக்சல் என்றால் 8.4. 1920 பிக்சல் திரையில் 228 எழுத்து. டிஃப்பை (பழைய, புதிய நிரலின் வித்தியாசத்தைக் காட்டும் திரை) இருபக்கமாகத் திறந்து, பக்கப்பட்டியை மூடி, இரு பக்க வரி எண்ணுக்கும் சேர்த்து 12 எழுத்து கழித்தால் பக்கத்துக்கு 108. ஆகவே 100 அடங்கும், 120 அடங்காது. விண்டோஸ் 125% பெரிதாக்கத்தில் அதே திரை 1536 ஆகிவிடும். பக்கத்துக்கு 85தான், 88 கூட இடிக்கும். எழுத்தை 13 ஆக்கினால் 92 கிடைக்கும். குழுவில் ஒருவரிடம் 1366 திரை இருந்தாலும் 80-க்கு மேல் போகாதீர்கள், அதுவும் 13 அளவில்தான் அடங்கும். டிஃப்பை இருபக்கமாகப் பார்க்காத குழுவுக்கு மட்டுமே 120 சரி.

வரி நீளத்தைவிடச் சண்டை போட வேண்டியது, நீண்ட வரியை எப்படி உடைப்பது என்பதற்குத்தான். அடைப்புக்குறிக்கு நேராக அடுத்த வரிகளை அடுக்குவது ஒரு முறை. பார்க்க அழகு, ஆனால் ஃபங்ஷன் பெயரில் ஓர் எழுத்து கூடினால் கீழுள்ள ஐந்து வரியும் நகரும். டிஃப்பில் ஆறு வரி சிவக்கும், மாறியது ஒன்றுதான். மற்றது தொங்கல் முறை:

கட்டணம்(
    புறப்படும்_இடம்="மாட்டுத்தாவணி",
    சேருமிடம்="திருமங்கலம்",
    பயணிகள்=3,
)

கடைசிக் காற்புள்ளியைக் கவனியுங்கள். நாளை ஒரு மதிப்பைச் சேர்த்தால் டிஃப்பில் ஒரே வரிதான் கூடும். பிளாக் அந்தக் காற்புள்ளியைக் கண்டால், ஒரே வரியில் அடங்கினாலும் வரிகளை ஒன்றாகச் சேர்க்காது. பழக்கதோஷத்தில் ஜேசன் தரவுக் கோப்பிலும் இதையே போட்டால் பிழை வரும்.

தமிழ்ச் சரம் (மேற்கோள் குறிக்குள் வரும் எழுத்துத் தொடர்) வந்தால் நேராக அடுக்கும் முறை முற்றாகக் கெடும். ‘மாட்டுத்தாவணி’ நம் கணக்கில் 7 எழுத்து. நீளம் எண்ணும் பைத்தானின் லென் 13 என்னும். யுடிஎஃப்-8-இல் 39 பைட். திரையில் பிடிக்கும் அகலம் இவை எதற்கும் ஒத்துப்போகாது. வரி நீளத்தை பைட்டில் அளக்கும் சோதனைக் கருவி, பாதி காலியான வரிக்கும் எச்சரிக்கை விடும். இத்தகைய சரங்களைத் தனிக் கோப்புக்கு மாற்றிவிட்டு, அந்தக் கோப்புக்கு மட்டும் நீள விதியை அணைப்பது நல்லது.

வரியின் தொடக்கத்தில் டேப்பா, இடைவெளியா என்ற விவகாரம்? ஃபார்மேட்டர் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள், அவ்வளவே.

பழைய நிரலை மாற்றும்போது வடிவமைப்பு மாற்றத்தைக் கிட்டில் தனி கமிட்டாக (மாற்றங்களைச் சேமிக்கும் ஒரு பதிவு) வையுங்கள், வேறு எதையும் கலக்காதீர்கள். திறந்திருக்கும் கிளைகளை முதலில் மெர்ஜ் செய்யாவிட்டால் எல்லாக் கோப்பிலும் மோதல் வரும். பிறகு அந்த கமிட்டின் முழு 40 எழுத்து எண்ணை ஒரு கோப்பில் எழுதி, கிட்டின் ‘இக்னோர் ரெவ்ஸ் ஃபைல்’ அமைப்பில் அந்தக் கோப்பைக் காட்டுங்கள். கிட் 2.23 முதல் இது உண்டு. இல்லாவிட்டால், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் பிளேமில் எல்லா வரிக்கும் ஃபார்மேட்டரை ஓட்டியவர் பெயரே வந்து நிற்கும்.