“பொருள் அருமை, விளம்பரம்தான் போதவில்லை” என்று சொல்லும் சப்ளிமென்ட் நிறுவனப் பங்கு வாங்குகிறீர்களா?

ஆரோக்கிய சப்ளிமென்ட் விற்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் நான் போட்ட முதலீட்டில் பெரும்பகுதி போய்விட்டது. பங்கு விலை ஏறும், இறங்கும். அதற்காக நான் புலம்ப வரவில்லை. எங்களிடம் காட்டிய விற்பனை வேறு, நிஜத்தில் நடந்த விற்பனை வேறு என்பதால் எழுதுகிறேன். புகார் கொடுத்திருக்கிறேன், அதனால் பெயரைத் தவிர்க்கிறேன். ஆனால் இதே கதையைச் சொல்லிப் பணம் திரட்டும் நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. கேட்டவுடன் அடையாளம் தெரியும்.

கதை இதுதான். மூட்டுக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒன்று, ஞாபகசக்திக்கு ஒன்று. சாப்பிட்டவர்கள் எல்லாரும் பிரமாதம் என்கிறார்கள். ஆனால் விற்பனை மட்டும் நகரவில்லை. ஏன்? “மக்களுக்கு இன்னும் தெரியவில்லை, விளம்பரத்துக்குப் பணம் போட்டால் போதும்.” காலாண்டு முடிவு வரும்போதெல்லாம் நிர்வாகம் இதையே சொல்லும்.

இதை வைத்துப் பங்குதாரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டோம். நல்ல பொருள் வாய்வழியாகப் பரவ நாளாகும், பொறுமை வேண்டும், விலை இறங்கும்போது இன்னும் வாங்கிச் சராசரி வாங்கிய விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றது ஒரு கட்சி. இவர்களுக்கு விற்கவே தெரியவில்லை, மார்க்கெட்டிங் தலைவரை மாற்றுங்கள், நடிகரை வைத்து டிவியில் விளம்பரம் போடுங்கள் என்றது இன்னொரு கட்சி. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பாதி நேரம் இதிலேயே போகும். நிர்வாக இயக்குநர் இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொள்வார்.

இப்போது யோசித்தால், அந்த இரண்டு கட்சியும் அவருக்கு வசதிதான். பொறுமைக் கட்சி பங்கை விற்காமல் வைத்துக்கொள்ளும். விளம்பரக் கட்சி புதிதாகப் பணம் திரட்டச் சம்மதம் கொடுக்கும். காட்டிய விற்பனையாவது உண்மைதானா என்று கேட்க இரண்டு பக்கமும் ஆள் இல்லை.

அந்த விற்பனை எப்படி வந்தது என்று சொல்கிறேன். நிறுவனம் சரக்கை விநியோகஸ்தர்களுக்கு அனுப்புகிறது. அனுப்பிய அன்றே விற்றதாக எழுதுகிறது. விநியோகஸ்தரோ, “விற்றால் பணம் தருகிறேன், விற்காவிட்டால் திருப்பி அனுப்புவேன்” என்ற பேச்சில்தான் எடுத்திருக்கிறார். இது விற்பனையே இல்லை. 2018ல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற சர்வதேசக் கணக்கியல் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. விற்றுக்கொடுப்பதற்காக இன்னொருவரிடம் ஒப்படைத்த சரக்கு, அதன் கட்டுப்பாடு கைமாறாத வரை, விற்பனை வருமானம் ஆகாது. திரும்பி வரும் என்று எதிர்பார்க்கிற சரக்கின் தொகையையும் வருமானத்தில் சேர்க்கக் கூடாது. இவர்கள் சேர்த்தார்கள். காலாண்டு முடியும் கடைசி வாரத்தில் சரக்கு மொத்தமாக வெளியே போகும். அடுத்த காலாண்டில் ஒரு பகுதி சத்தமில்லாமல் திரும்பி வரும்.

இது ஆண்டறிக்கையின் முதல் பக்கங்களில் தெரியாது. அங்கே ஓடும் மனிதர்களும் சிரிக்கும் தாத்தா பாட்டிகளும்தான் இருப்பார்கள். பின்னால் போங்கள். வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கியை ஆண்டு விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்கினால், விற்ற பணம் கைக்கு வரச் சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்று கிடைக்கும். அந்த எண் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போகிறதா? விற்பனை கொஞ்சம் கூடும்போது பாக்கி அதைவிட வேகமாகக் கூடுகிறதா? லாபம் காட்டுகிறார்கள், ஆனால் செயல்பாடுகள் மூலம் வந்த ரொக்கம் என்ற வரியில் தொடர்ந்து கழித்தல் குறியா? எங்கள் நிறுவனத்தில் மூன்றும் இருந்தன. விளக்கம் கேட்டதற்கு “வளர்ச்சிக் கட்டத்தில் இது சகஜம்” என்றார்கள். ஒரு வருடம் சகஜமாக இருக்கலாம். வருடாவருடம் அதே பதில் வந்தால் அது பதில் இல்லை.

எனக்குச் சந்தேகம் உறுதியானது ஒரு டப்பாவால். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் ஒன்று வாங்கினால் இரண்டு இலவசம் என்று போட்டிருந்தார்கள். வரவழைத்தேன். அட்டைப்பெட்டி புத்தம்புதுசு, மேலே “புதிய தோற்றம்” என்ற பட்டை. உள்ளே இருந்த டப்பாவின் அடியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், அதில் ஒரு காலாவதித் தேதி. ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் உரித்தால் அடியில் பழைய அச்சு, அதைவிட முந்தைய தேதி. மூடியின் உள்சவ்வைக் கிழித்தால் மாத்திரைகள் ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

வாய்க்குள் போகிற பொருளில் தேதியை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். முதலீட்டு நஷ்டத்தை விட இதுதான் எனக்கு ஆறவில்லை. வயதானவர்கள் நம்பிச் சாப்பிடுகிறார்கள் ஐயா. டப்பாவையும் ஸ்டிக்கரையும் படமெடுத்து, ரசீதோடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் அனுப்பியிருக்கிறேன்.

கணக்குப் பக்கமிருந்து பார்த்தாலும் அந்த ஸ்டிக்கருக்கு அர்த்தம் உண்டு. சப்ளிமென்ட்டுகளுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம்தான் ஆயுள். நாள் நெருங்கிய சரக்கை வாங்கிய விலையில் கணக்கில் வைத்திருக்கக் கூடாது, விற்றால் என்ன கிடைக்குமோ அந்த அளவுக்குக் குறைத்து எழுத வேண்டும். குறைத்தால் நஷ்டம் வெளியே தெரியும். தேதியை மாற்றினால் தெரியாது. கிடங்கில் சரக்கு ஏறிக்கொண்டே போய், மதிப்பு மட்டும் ஒரு வருடம்கூடக் குறையாமல் இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

சரி, விளம்பரத்துக்கென்று திரட்டிய பணம் எங்கே போனது? முன்னுரிமை ஒதுக்கீடு (தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் பங்கு கொடுப்பது), வாரண்ட் (குறித்த விலையில் பின்னால் பங்கு வாங்கும் உரிமை) என்று திரும்பத் திரும்பப் புதுப் பங்கு வெளியிட்டார்கள். நூறு பங்கில் பத்து நம்முடையதாக இருந்து, இன்னும் நூறு வெளியிட்டால் நம் பங்கு பத்து சதவீதத்திலிருந்து ஐந்தாகிவிடும். அதற்கு ஈடாக விற்பனை வளர வேண்டும். வளரவில்லை. ஆனால் விளம்பரச் செலவு மட்டும் ஏறியது. எந்த விளம்பரமும் என் கண்ணில் படவில்லையே என்று தேடியபோது, தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள் என்ற குறிப்பில், பொடி எழுத்தில், “பிராண்ட் ஆலோசனைக் கட்டணம்” என்று ஒரு வரி. பணம் பெற்றது புரமோட்டரின் (நிறுவனத்தைத் தன் பிடியில் வைத்திருப்பவரின்) நெருங்கிய உறவினர் நடத்தும் கம்பெனி. பதிவு முகவரியைப் பார்த்தால் புரமோட்டரின் வீட்டு முகவரி. எந்த விளம்பரம் தயாரித்தார்கள், எங்கே வெளியானது என்று எழுத்தில் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

விளம்பரம் பெரிதாகச் செய்தால் எல்லாம் சரியாகும் என்று நம்புகிறவர்களுக்கு இன்னொன்று. இந்தத் தொழிலில் என்ன சொல்லி விற்கலாம் என்பதற்கே எல்லை இருக்கிறது. அமெரிக்காவில் 1994ல் வந்த சட்டப்படி, சப்ளிமென்ட் விற்க மருந்துக்கு வாங்குவது போல முன்அனுமதி தேவையில்லை. ஆனால் நோயைக் குணமாக்கும் என்று சொல்லக் கூடாது. மூட்டு ஆரோக்கியத்துக்குத் துணைபுரியும் என்ற அளவில் சொல்லலாம், அதனுடன் இந்தக் கூற்றை எஃப்டிஏ (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்) மதிப்பிடவில்லை என்ற வாசகத்தையும் போட வேண்டும். எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கைக் கடிதம் வரும். பெரிய மனிதர்களின் பின்பலமும் அப்போது காப்பாற்றாது. ஸ்டார் சயன்டிஃபிக் என்ற நிறுவனம் 2011ல் அனடாப்ளாக் என்ற சப்ளிமென்ட்டைக் கொண்டுவந்தது. அதன் தலைவர் ஜானி வில்லியம்ஸ், வர்ஜீனியா ஆளுநராக இருந்த பாப் மெக்டானல் தம்பதிக்குக் கடன், பரிசு என்று 1,75,000 டாலருக்கு மேல் கொடுத்தார். ஆளுநர் மாளிகையிலேயே அறிமுக நிகழ்ச்சி நடந்தது. 2013 டிசம்பரில் எஃப்டிஏ எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது, 2014ல் விற்பனையே நின்றுபோனது. இந்தப் பரிசுகள் தொடர்பான ஊழல் வழக்கில் மெக்டானலுக்குக் கிடைத்த தண்டனையை 2016ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பங்கு வாங்கியவர்களுக்கு அதனால் ஒன்றும் திரும்பி வரவில்லை.

ஆய்வில் நிரூபிக்கப்பட்டது என்ற வரியையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஞாபகசக்திக்கு என்று விற்ற பிரிவஜன் மீது அமெரிக்க வர்த்தக ஆணையமும் நியூயார்க் மாநிலமும் 2017ல் வழக்குப் போட்டன. மொத்தமாகப் பார்த்தால், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மருந்தில்லாத வெற்று மாத்திரையை விட அது மேலாக இல்லை என்றுதான் நிறுவனத்தின் ஆய்வே காட்டியது, அதன்பின் 30க்கும் மேற்பட்ட கூறுகளாகப் பிரித்துத் தேடி, தேறியதை மட்டும் விளம்பரத்தில் போட்டார்கள் என்பது புகார். பலன் இல்லாமலே தற்செயலாக அப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பு ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்வது ஆய்வுகளில் வழக்கம். அந்த அளவுகோலில், ஒன்றுமே இல்லாத இடத்திலும் 20 முறை தேடினால் சராசரியாக ஒரு முறை ஏதாவது தென்படும். 2024ல் அந்த ஞாபகசக்தி விளம்பரங்களுக்கு நீதிமன்றம் தடை போட்டது. எங்கள் நிறுவனம் தன் ஆய்வின் முழு அறிக்கையைக் கடைசிவரை வெளியிடவே இல்லை. பத்திரிகைக் குறிப்பு மட்டும்தான்.

இரண்டு கட்சியும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. முதல் டப்பாவை முடித்தவர்களில் எத்தனை பேர் முழு விலை கொடுத்து இரண்டாவது வாங்கினார்கள்? மாதாமாதம் தின்று தீர்கிற பொருள் இது. பிடித்திருந்தால் ஆள் தானே திரும்பி வருவார். அந்த எண்ணிக்கை நன்றாக இருந்து விற்பனை மட்டும் குறைவு என்றால் விளம்பரம் போதவில்லை என்பதை நம்பலாம். அந்த எண்ணிக்கையே மோசமென்றால் விளம்பரத்துக்குப் போடுகிற பணமெல்லாம் ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிற தண்ணீர். நான் பொதுக்கூட்டத்தில் இதைக் கேட்டபோது “போட்டியாளர்களுக்குத் தெரிந்துவிடும்” என்று மறுத்தார்கள். விகிதத்தையாவது சொல்லுங்கள் என்றேன். மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது அதே நிறுவனம் “மார்க்கெட்டிங் விரிவாக்கத்துக்காக” என்று இன்னொரு சுற்று வாரண்ட் வெளியீட்டுக்குச் சிறப்புத் தீர்மானம் அனுப்பியிருக்கிறது. நீங்கள் வைத்திருக்கும் சப்ளிமென்ட் பங்கிலும் இப்படி ஒரு தீர்மானம் வந்தால், இணைப்பாக வரும் விளக்க அறிக்கையில் யாருக்கு ஒதுக்குகிறார்கள், பணத்தை எந்தக் கம்பெனிக்குச் செலவிடப் போகிறார்கள் என்ற இரண்டு பத்தியைப் படித்துவிட்டு வாக்களியுங்கள். வாக்குச்சீட்டைச் சும்மா விட்டுவிட வேண்டாம். வராத வாக்கு அங்கே கணக்கிலேயே சேராது, போட்ட வாக்குகளை வைத்துத்தான் முடிவு. நான் எதிர்த்து வாக்களித்துவிட்டேன். விநியோகஸ்தர் கடிதங்களின் நகலோடு தணிக்கையாளருக்கும் சந்தை ஒழுங்குமுறை அமைப்புக்கும் எழுதியிருக்கிறேன். இதே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய டப்பா உங்களிடம் இருந்தால் தூக்கி எறியாமல், ரசீதோடு எடுத்து வையுங்கள்.