ஒரு புள்ளி கிரீஸ்: அபீசான் 'என்' (N)

25 கிராம் டியூப். வாங்கி ஆறு வருடம் ஆகிறது, இன்னும் பாதிகூடத் தீரவில்லை. ஒரு தடவைக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகத்தான் செலவாகும்.

யுரேனியம் சேர்மங்களின் வெப்ப ஏற்புத்திறனை, அதாவது ஒரு பொருளைச் சூடேற்ற எவ்வளவு வெப்பம் தேவை என்பதை, குறைந்த வெப்பநிலையில் அளப்பது என் வேலை. கருவிக்குள் 3 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு சின்ன மேடை இருக்கிறது. வெற்றிடத்தில் மெல்லிய கம்பிகள் அதைத் தாங்குகின்றன. அடியில் ஒரு ஹீட்டரும் வெப்பமானியும் உண்டு. மேடையைக் கொஞ்சம் சூடேற்றிவிட்டு, சூடு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்போம். அளக்கும் சேர்மத்தின் படிகத்துக்கும் மேடைக்கும் நடுவே இருப்பது இந்தக் கிரீஸ் மட்டும்தான். அது சூட்டைச் சரியாகக் கடத்தாவிட்டால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது யுரேனியம் ருத்தேனியம் சிலிசைடில். 17.5 கெல்வினில் (ஏறக்குறைய −256 டிகிரி செல்சியஸ்) அதன் வெப்ப ஏற்புத்திறன் சட்டென்று எகிறும். 1985இல் கண்டுபிடித்தது, அங்கே எலக்ட்ரான்களிடையே எந்த ஒழுங்கு உருவாகிறது என்பதில் இன்றும் முடிவில்லை, 'மறைந்த ஒழுங்கு' என்றே பெயர். நான் முதலில் அளந்தபோது வரைகோட்டில் அந்த முகடு மழுங்கியிருந்தது, புள்ளிகள் சிதறிக் கிடந்தன. படிகம் மோசம் என்றே நினைத்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் மேடாக இருந்தது, ஒரு மூலை மட்டுமே கிரீஸில் பட்டிருந்தது. அந்தப் பக்கத்தைச் சமமாகத் தேய்த்து மறுபடி ஒட்டினேன். அதே படிகம், அதே கருவி. முகடு நேராக நிமிர்ந்து நின்றது. அன்றிலிருந்து ஒட்டும் வேலையை அவசரமாகச் செய்வதில்லை.

டியூப்பிலிருந்து நேராக மேடைக்குப் போகக்கூடாது. குண்டூசித் தலை அளவு கிரீஸைக் கண்ணாடித் தகட்டில் பிதுக்கி, மெல்லிய குச்சியின் நுனியால் அதில் ஒரு துளி எடுத்து மேடையின் நடுவில் வைப்பேன். முதலில் கிரீஸோடு மேடையை மட்டும் அளந்துகொள்ள வேண்டும், அப்புறம் அதே துளியின் மேல் படிகத்தை வைத்து லேசாக அழுத்த வேண்டும். படிகத்தின் பங்கு மட்டும் கிடைக்க, முதல் அளவை இரண்டாவதிலிருந்து கழிக்கிறோம்; நடுவில் துடைத்துப் புதிதாக வைத்தால் அந்தக் கணக்கு தவறிவிடும்.

1 கெல்வினுக்கு அருகில் கிரீஸின் பங்கைப் பற்றிக் கவலையே வேண்டாம். யுரேனியம் பெரிலியம் சேர்மத்தில் எலக்ட்ரான்கள் தரும் பங்கு, செம்பில் இருப்பதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அந்த மலைக்கு முன்னால் ஒரு துளி கிரீஸ் தெரியவே தெரியாது. ஆனால் சேர்மம் யுரேனியம் பிளாட்டினம் என்றால், 0.5 கெல்வின் அருகே வெறும் 0.06 கெல்வின் இடைவெளியில் இரண்டு தாவல்கள் வரும். அங்கே ஒட்டு நன்றாக இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

மேல் வெப்பநிலையில்தான் இதன் குறை. 200 கெல்வினுக்கு மேல் கிரீஸே நிலை மாறுவதால் வரைகோட்டில் தன் மேடுகளைக் காட்டும். அவை யுரேனியத்தின் மேடுகள் அல்ல. அங்கே அளப்பவர்கள் அபீசானிலேயே 'எச்' (H) கிரீஸுக்கு மாறுவது நல்லது.

மாதிரி தன் கதிரியக்கத்தால் தானே சூடாகாதா என்று பலர் கேட்கிறார்கள். யுரேனியம்-238 ரொம்ப மெதுவாகச் சிதைவது. 10 மில்லிகிராம் ஒரு நானோவாட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தராது. புளூட்டோனியம்-239 என்றால் கிராமுக்கு ஏறக்குறைய 2 மில்லிவாட். அந்தச் சூடும் இதே ஒட்டு வழியாகத்தான் இறங்கியாக வேண்டும்.

வேலை முடிந்ததும் டொலுவீன் தொட்ட பஞ்சால் துடைத்தால் சுத்தமாக வந்துவிடும். படிகத்தைத் தொட்ட பஞ்சு கதிரியக்கக் கழிவுப் பையில் போக வேண்டும், குச்சியும் அப்படித்தான். அந்தக் குச்சியை மறுபடி தகட்டுக் கிரீஸில் தொடவே கூடாது. யுரேனியத்துக்கென்று தனி டியூப் வைத்திருக்கிறேன், மூடியில் மஞ்சள் டேப் சுற்றி.