எஸ்சிசி-ல (வைப்ரேட்டர் இல்லாம தானா ஓடி நிரம்பற கான்கிரீட்ல) ஸ்டிஃப்னெஸ்: சிமென்ட்ட ஏத்தறதா, ஜல்லிய மாத்தறதா?

ஹை ரைஸ் வேலைல கியூப் ரிசல்ட் (கான்கிரீட் கட்டிய நசுக்கிப் பாக்கற ஸ்ட்ரெங்த் டெஸ்ட்) பாஸாயிட்டா எல்லாரும் நிம்மதியா டீ குடிக்கப் போயிடறாங்க. ஆனா அம்பது அறுவது மாடினு போறப்ப நசுங்குமாங்கறத விட காத்துக்கு எவ்ளோ ஆடும்ங்கறதுதான் பெரிய தலைவலி. சுவரோட சைஸ் முடிவாயிடுச்சுன்னா அங்க கை குடுக்கறது ஸ்ட்ரெங்த் இல்ல, ஈ வேல்யூ, அதாவது லோடு வந்தா எவ்ளோ வளையாம நிக்கும்ங்கற ஸ்டிஃப்னெஸ் அளவு.

மொத வழி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், தண்ணிய குறைச்சு, சிலிக்கா ஃபியூம் (சிமென்ட்ட விட ரொம்ப நைஸான தூள்) போட்டு, கிரேட, அதாவது ஸ்ட்ரெங்த் தரத்த, ஏத்திடறது. ஸ்ட்ரெங்துக்கு இத அடிச்சுக்க ஆளே இல்ல. ஆனா நம்ம நாட்டு கான்கிரீட் கோடு ஐஎஸ் 456 ஃபார்முலாவ போட்டுப் பாருங்க, 5000 இன்டு ரூட் எஃப்சிகே (கியூப் ஸ்ட்ரெங்த்), எம்40-க்கு (ஸ்ட்ரெங்த் 40) சுமார் 31,600 நியூட்டன்/ச.மிமீ, எம்80-க்கு 44,700. ஸ்ட்ரெங்த் டபுள், ஸ்டிஃப்னெஸ் 41% தான் கூடுது! சியாட்டில்ல 1989ல முடிஞ்ச டூ யூனியன் ஸ்கொயர்ல ஸ்ட்ரெங்துக்கு 14,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்ட்) போதும்தான், டிசைனர் கேட்ட 72 லட்சம் பிஎஸ்ஐ ஈ வேல்யூவ தொடறதுக்காக 19,000 வரைக்கும் போகவேண்டியதாச்சு. அது ஸ்டீல் பைப்புக்குள்ள பம்ப் பண்ணின கான்கிரீட், இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான். கூடவே சூடு, ஷ்ரிங்கேஜ், பசை மாதிரி ஒட்டிக்கிட்டு பம்ப்ப திணறடிக்கிற மிக்ஸ், இதெல்லாம் இலவச இணைப்பு.

ரெண்டாவது வழி ஜல்லி. ஐரோப்பிய கான்கிரீட் கோடு யூரோகோட் 2 கணக்குல குவார்ட்சைட் ஜல்லிய விட பசால்ட்னா ஈ வேல்யூ 20% கூட, சுண்ணாம்புக் கல்னா 10% கம்மி, மணல்கல்னா 30% கம்மி. அதே கிரேட், அதே சிமென்ட், கல்லு மட்டும் வேற.

வம்பு என்னன்னா எஸ்சிசி-ல கல்லுக்கு இடமே கம்மி. தானா ஓடணும்னா பேஸ்ட் நிறைய வேணும், ஐரோப்பிய வழிகாட்டி ஜல்லிக்கு குடுக்கறது மொத்த வால்யூம்ல 27-லேர்ந்து 36% தான். பேஸ்ட் கல்ல விட சாஃப்ட், அதனாலதான் ஒரே ஸ்ட்ரெங்த்ல இருக்கற சாதா கான்கிரீட்ட விட எஸ்சிசி ஸ்டிஃப்னெஸ்ல கொஞ்சம் பின்தங்கும். சரின்னு ஜல்லிய அள்ளிப் போட்டா கம்பிக்கு நடுவுல மாட்டிக்கும், கம்பி இடுக்குல ஓடுதானு பாக்கற எல்-பாக்ஸ் டெஸ்ட்லயே தெரிஞ்சுடும்.

அப்போ வைப்ரேட்டர் போட்ற கான்கிரீட்டே தேவலையா? கோர் வால்ல (லிஃப்ட்ட சுத்தி வர்ற நடுச் சுவர்), கப்ளிங் பீம்ல (சுவர்கள இணைக்கற பீம்) கம்பி நெருக்கத்துல வைப்ரேட்டர் நீடிலே இறங்காது, உள்ள தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்தா அந்த ஈ வேல்யூ பேப்பர்ல மட்டும்தான் இருக்கும்.

என் ஓட்டு ஜல்லிக்குதான். நல்ல கெட்டியான கல்லு, 12 எம்எம் சைஸ், தட்டையா இல்லாம உருண்டு திரண்டதா, வழிகாட்டியோட மேல் எல்லைய ஒட்டி. அதுக்கப்புறம் பத்தாததுக்கு சிலிக்கா ஃபியூம். புர்ஜ் கலீஃபால கீழ்மாடிகளுக்கான சி80 (ஸ்ட்ரெங்த் 80) கான்கிரீட்டுக்கு 90 நாள்ல 43,800 நியூட்டன்/ச.மிமீ-னு ஈ வேல்யூவையே நேரா ஸ்பெக்ல எழுதினாங்க, ஃபார்முலாவ நம்பி விடல. நம்ம ஆளுங்களும் ட்ரையல் மிக்ஸ்லயே சிலிண்டர் போட்டு ஈ வேல்யூ டெஸ்ட் பண்ணுங்க, பாதி கட்டடத்துல குவாரி மாறினா மறுபடியும் மொதல்லேர்ந்து பண்ணுங்க, கியூப் அத காட்டிக்குடுக்காது.