ஹைமே ஹரீனும் ஃபெலோ ராமிரெஸும்: இரு வானொலிக் குரல்கள்

பேஸ்பால் ஆட்டங்களை அமெரிக்காவில் ஸ்பானிய மொழியில் வர்ணித்த இவ்விருவரும் நெடுங்காலம் நிலைத்தவர்கள். ஆனால் வந்த வழிகள் வேறு. கியூபாவில் பிறந்த ராமிரெஸ் 1945இல் ஹவானாவில் வர்ணனையைத் தொடங்கி, வெனிசுவேலா, புவேர்ட்டோ ரிக்கோ எனப் பல இடங்களில் பணியாற்றியபின், 1993இல்தான் ஃப்ளோரிடா மாநிலத்தின் மார்லின்ஸ் அணியின் குரலானார். எக்வடோரில் பிறந்த ஹரீனோ, 1955இல் அமெரிக்கா வரும்வரை பேஸ்பாலையே அறியாதவர். எனினும் 1959 முதல் 2022 வரை லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் டாட்ஜர்ஸ் என்னும் ஒரே அணியுடன் 64 ஆட்டப் பருவங்கள் இருந்தார்.

தொடக்க ஆண்டுகளில் ஹரீன் வெளியூர் ஆட்டங்களுக்குச் செல்லவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் வானொலி நிலையத்தில் அமர்ந்து, டாட்ஜர்ஸின் ஆங்கில வர்ணனையாளர் வின் ஸ்கல்லியின் ஆங்கில வர்ணனையைக் காதில் வாங்கியபடியே, கண்ணால் காணாத ஆட்டத்தை அடுத்த நொடியே ஸ்பானியத்தில் நேயர்களின் கண்முன் நிறுத்தினார். இந்தக் கடும் பயிற்சியே அவருடைய சொல்லொழுங்குக்கு அடித்தளம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1981இல் டாட்ஜர்ஸின் மெக்சிகோ வீரர் ஃபெர்னாண்டோ வலென்சுவேலாவின் பேட்டிகளை மொழிபெயர்த்தவரும் அவரே.

ராமிரெஸின் வலிமை முழக்கத்தில் இருந்தது. மட்டையாளர் அடிக்கத் தவறிய பந்தைக் குறிக்கும் ‘ஸ்ட்ரைக்’ என்ற ஒற்றைச் சொல்லை அவர் நீட்டி ஒலிக்கும்போது, பந்து வந்த வேகமே செவியில் படும். பேஸ்பால் வர்ணனையாளர்களுக்கான ஃபோர்ட் ஃபிரிக் விருது ஹரீனுக்கு 1998இலும் ராமிரெஸுக்கு 2001இலும் கிடைத்தது. ஆட்டத்தின் பரபரப்பை உணர ராமிரெஸையும், ஆட்டத்தையே புதிதாகக் கற்க ஹரீனையும் நான் தேர்ந்தெடுப்பேன்.