ஆல்ஃபிரட் வழியா, நார்ஃபோக் வழியா?

கிராவல் சைக்கிளில் (மண், சரளைப் பாதைகளிலும் ஓட்டத்தக்க, அகல டயர் கொண்ட சைக்கிள்) இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தைச் சுற்றிவர, சைக்ளிங் யுகே அமைப்பு வகுத்த இரண்டு வட்டப் பாதைகளைப் பார்ப்போம்.

2020-இல் வந்த கிங் ஆல்ஃபிரட்ஸ் வே, தெற்கு இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் தொடங்கி, ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி ஆகிய பழங்காலக் கல்வட்டங்கள், ரிட்ஜ்வே என்ற பழம்பாதை வழியாகச் சுமார் 350 கி.மீ. ஓடுகிறது. காட்சிகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் பல இடங்களில் சுண்ணாம்புத் தரை. மழை பெய்தால் பசைபோல டயரில் அப்பிக்கொள்ளும், வழுக்கும். நடுவே துருத்தி நிற்கும் கூரான சிக்கிமுக்கிக் கற்கள் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும். 40 மி.மீ.க்குக் குறைந்த அகல டயர் வேண்டவே வேண்டாம்.

2022-இல் வந்த ரெபெல்லியன் வே, நாரிச் நகரிலிருந்து கிளம்பி, கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தைச் சுற்றுகிறது. தூரம் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பெரிய ஏற்றம் கிடையாது. பெரும்பாலும் அமைதியான ஊர்ச்சாலைகள், வடக்கே கடற்கரை. எதிர்காற்றுதான் படுத்தும்.

முதல் முறை போகிறவருக்கு நான் நார்ஃபோக்கையே சொல்வேன். ஆல்ஃபிரட் வழியா? தரை காய்ந்த கோடையில் போங்கள்.